மஸ்டாங் மோகமும் மூன்றாவது குதிரையும்



வளைகுடாவிலிருந்து நம் ஊர்களுக்கு வந்து சேரும் படங்களுள் ஒரு வகை இப்போது பெருகிவிட்டது. தரையோடு தாழ்ந்த ஒரு கார். அதன் முகப்பில் பாய்ந்தோடும் குதிரைச் சின்னம். அருகில் கைகட்டி நிற்கும் நம் வீட்டுப் பிள்ளை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும் அப்படம் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகிறது. வாப்பா பெருமிதம் கொள்கிறார். உம்மா மாஷா அல்லாஹ் என்கிறார். பெண் கொடுப்போர் வட்டாரத்தில் பிள்ளையின் மதிப்பு ஒருபடி உயர்கிறது. அந்தக் கார் எதற்காகக் கடல் கடந்து வந்தது, அதன் விலையை யார், எதைக் கொண்டு செலுத்துகிறார் என்று கேட்பார் இல்லை. நாம் கேட்க விரும்புகிறோம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். ஸ்போர்ட்ஸ் கார் ஹராம் என்று ஃபத்வா வழங்க நாம் வரவில்லை. அல்லாஹ் தடுக்காததைத் தடுப்பதும் குற்றமே. நம் வாதம் வேறு. இந்தக் கார்கள் கடல் கடந்து விற்கப்படும்போது இரும்போடும் எஞ்சினோடும் சேர்த்து, பிறர் கண்ணில் உயர்ந்து தெரிய வேண்டும் என்னும் ஆசையும் விற்கப்படுகிறது. அந்த ஆசைக்கு நம் சமுதாயம் கடன்பட்டு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

பிறந்த நாட்டில் எளியவனின் வாகனம்

மஸ்டாங் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமானது. அன்றைய தொடக்க விலை 2,368 டாலர். ஃபால்கன் என்னும் சாதாரணக் குடும்பக் காரின் பாகங்கள் பலவற்றைக் கொண்டே அது கட்டப்பட்டது. பெருஞ்செல்வரை மனத்தில் வைத்து அதனைச் செய்யவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞரும் அலுவலக எழுத்தரும் மாதத் தவணையில் வாங்கத்தக்க வண்டியாகவே அது விற்கப்பட்டது. முதல் ஓராண்டிலேயே 4 இலட்சத்துக்கும் மேல் விற்றதன் காரணம் அதுதான்.

வெளிநாட்டு விற்பனை நெடுங்காலம் ஓர் ஓரத்து வணிகமாகவே இருந்தது. ஜெர்மனியில் மஸ்டாங் என்னும் பெயரின் உரிமை க்ருப் நிறுவனத்திடம் இருந்ததால், அங்கே பல ஆண்டுகள் டி-5 என்ற பெயரில் விற்றார்கள். 2015ஆம் ஆண்டின் ஆறாம் தலைமுறையில்தான் வலப்பக்க ஸ்டியரிங் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அனுப்பும் திட்டம் தொடங்கிற்று. 2016இல் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மஸ்டாங்குகள் விற்றன. 2019இல் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். உலகில் மிகுதியாக விற்கும் ஸ்போர்ட்ஸ் கூபே இதுவே என்று ஃபோர்டு நிறுவனம் ஆண்டுதோறும் முழங்கியது. 1953இல் பிறந்த செவர்லே கார்வெட் கூட, 2020இன் எட்டாம் தலைமுறையில்தான் வலப்பக்க ஸ்டியரிங்கோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

விலையில் நிகழும் மாற்றத்தைக் கவனியுங்கள். 2016இல் எட்டு சிலிண்டர் எஞ்சின் கொண்ட மஸ்டாங் அமெரிக்காவில் சுமார் 33,000 டாலரில் தொடங்கியது; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 22 இலட்சம் ரூபாய். அதே ஆண்டில் அவ்வகை எஞ்சினோடு இந்தியாவில் இறங்கிய மஸ்டாங்கின் ஷோரூம் விலை 65 இலட்சம் ரூபாய். இடைப்பட்டது சுங்கமும் கப்பல் கூலியும் கூடுதல் வசதிகளும் என்பர். இருக்கட்டும். அங்கே அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்க்காத வண்டி, இங்கே தெருவே திரும்பிப் பார்க்கும் வண்டியாகிறது. தூரம்தான் அதனை மகுடமாக்கியது. அமெரிக்க எழுத்தனின் வண்டியைத் தலையில் சூடிக்கொண்டு நாம் யாரிடம் பெருமை பேசுகிறோம்?

வளைகுடாவில் இத்தனை ஏன்?

அமெரிக்க வாகனங்கள் எல்லா நாட்டிலும் ஒரே வரவேற்பைப் பெறுவதில்லை. ஜப்பானில் இறக்குமதிக் காருக்குச் சுங்கமே இல்லை, ஆனால் எஞ்சின் கொள்ளளவு கூடக்கூட ஆண்டு வரியும் கூடுகிறது, தெருக்களோ குறுகியவை. ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்கக் கார்களுக்கு நெடுங்காலம் 10 விழுக்காடு சுங்கம் விதித்துவந்தது. அங்குள்ள நாடுகள் பல, புகையின் அளவுக்கேற்ப மேலும் வரி சுமத்துகின்றன. சீனா 2018இல் வணிகப் போரின்போது அமெரிக்கக் கார்களின் சுங்கத்தை 40 விழுக்காடாக உயர்த்திற்று.

வளைகுடாவின் நிலை இதற்கு நேர்மாறு. பொதுச் சுங்கம் 5 விழுக்காடு, ஸ்டியரிங் அமெரிக்காவைப் போலவே இடப்பக்கம், சாலைகள் அகன்றவை, பெட்ரோல் ஐரோப்பாவை நோக்க மிக மலிவு. வரலாறும் துணை நிற்கிறது. 1938இல் தம்மாம் ஏழாம் கிணற்றில் எண்ணெய் பீறிட்டபோது அதனைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களோடு அவர்களுடைய வண்டிகளும் அரபு மண்ணில் இறங்கின. எண்ணெய் மேற்கே சென்றது. அதனைக் குடிக்கும் எஞ்சின்கள் கிழக்கே வந்தன.

பிறகு திரைப்படமும் வீடியோ விளையாட்டும் தம் பங்கைச் செய்தன. டாட்ஜ் சார்ஜரையும் சேலஞ்சரையும் வாங்கும் இளைஞன் அமெரிக்காவின் வீரத்தை வாங்குவதாகவே எண்ணுகிறான். அவ்விரண்டும் கனடாவின் பிராம்ப்டன் நகரத் தொழிற்சாலையில் 2023 டிசம்பர் வரை கட்டப்பட்டவை என்பதை அவனுக்குச் சொல்வார் இல்லை. இறுதி ஆண்டில் 1,025 குதிரைத் திறன் கொண்ட சேலஞ்சர் ஒன்றையும் வெளியிட்டார்கள். எந்த நாட்டுப் பொதுச்சாலையிலும் ஒரு மனிதனுக்கு ஆயிரம் குதிரைகள் தேவைப்படா. தேவை முடிந்த பிறகும் எஞ்சி நிற்பதற்கு மார்க்கம் ஒரு பெயர் வைத்திருக்கிறது: இஸ்ராஃப்.

குதிரைகள் மூன்று வகை

அழகையும் வேகத்தையும் இஸ்லாம் வெறுக்கவில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் பேசுகையில், ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்கும் அவை படைக்கப்பட்டன என்று இரண்டு பயன்களையும் சேர்த்தே கூறுகிறது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். பயிற்றுவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓர் எல்லை. பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை வேறோர் எல்லை. இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் கலந்துகொண்டவர். இதில் உள்ள ஒழுங்கைக் கவனியுங்கள்: தொடங்கும் இடம் உண்டு, முடியும் இடம் உண்டு, தரம் பிரித்தல் உண்டு.

ஆயினும் அதே நபி (ஸல்) அவர்கள் குதிரை வைத்திருப்போரை மூன்றாகப் பிரித்தார்கள். அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஒருவருக்குக் குதிரை நற்கூலி. அவர் அல்லாஹ்வின் பாதைக்காக அதனைக் கட்டி வைத்தவர். ஒருவருக்கு அது திரை. பிறரிடம் கையேந்தாமல் வாழ்வதற்காக வைத்திருந்து, அதில் அல்லாஹ்வுக்குள்ள உரிமையை மறவாதவர். மூன்றாமவருக்கு அது பாவச்சுமை; பெருமைக்கும் பகட்டுக்குமாக அதனைக் கட்டியவர். விலங்கு ஒன்றே, கட்டியவரின் நிய்யத்து மூன்று.

அந்த ஹதீஸின் இறுதிப் பகுதியைப் பலர் நினைவில் கொள்வதில்லை. கழுதைகளைப் பற்றி என்ன என்று அங்கே கேட்கப்பட்டது. தனியாக எதுவும் அருளப்படவில்லை என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கண்முன் காட்டப்படும் என்னும் அஸ்ஸில்ஸால் அத்தியாயத்தின் வசனங்களைச் சுட்டினார்கள். கார் பற்றிக் குர்ஆனில் எங்கே இருக்கிறது என்று கேட்கும் தம்பிக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

முகப்பில் குதிரை பொறித்த இந்த வண்டிக்கும் அதே மூன்று கணக்குத்தான். தொழிலுக்கோ குடும்பத்தின் தேவைக்கோ, தன் வரவுக்கு உட்பட்டு, கடமைகளை நிறைவேற்றிய பிறகு ஒருவர் அழகிய வாகனம் வாங்கினால் அவரைக் குறை கூறுவதற்கு நமக்கு உரிமையில்லை. நாம் பேசுவது மூன்றாவது குதிரையைப் பற்றி.

இரவல் பகட்டு

படத்தில் காணும் மஸ்டாங்குகளில் பல, நிற்பவருக்கு உரியவை அல்ல. துபாயில் நாள் வாடகைக்குக் கிடைக்கும் கார்களுள் கூரை திறக்கும் மஸ்டாங் மிகச் சாதாரணமானது. சுற்றுலா வருவோர் ஒருநாள் மகிழ்ச்சிக்காக எடுப்பதில் தவறேதும் காணோம். ஆனால் பிறர் வாகனத்தின் அருகே நின்று, அது தன்னுடையது என்று ஊர் எண்ணிக்கொள்ளும்படி படம் அனுப்புவது வேறு. தனக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டிக்கொள்பவரை, பொய்யினால் நெய்த இரண்டு ஆடைகளை அணிந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். இதுவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளதே.

இந்தப் பொய்யாடையைத் தைத்துக் கொடுப்பவர்கள் யார்? பிள்ளையை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. சபராளி என்றால் ஒரு பளபளப்பு வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஊரும், மாப்பிள்ளையின் மார்க்கப் பற்றை விசாரிக்கும் முன் அவரது வாகனத்தை விசாரிக்கும் பெண் வீட்டாரும் அந்தத் தையலில் பங்காளிகள். எட்டுப் பேர் அடைந்து கிடக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்து வாழும் பிள்ளையின் உண்மைப் படத்தை நாம் என்றைக்காவது கேட்டு வாங்கிப் பார்த்ததுண்டா?

கடனிலும் வஞ்சகத்திலும் ஓடும் சக்கரங்கள்

வாடகைப் படத்தோடு நின்றால் இழப்பு சிறிது. சொந்தமாக வாங்கத் துணிவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றில் விழுகிறார்கள்.

முதல் வழி வங்கிக் கடன். வட்டிக் கடன் ஹராம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இஸ்லாமிய வங்கிகள் முராபஹா முறையில் காரைத் தாம் முதலில் வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணைக்கு விற்கின்றன. வங்கி உண்மையாகவே காரை உடைமையாக்கிக்கொண்டு விற்றால் அதனை அனுமதிக்கும் உலமாக்கள் உண்டு. ஆனால் முறை ஹலால் ஆனதால் தேவையற்ற கடன் நல்லதாகிவிடாது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே கடனிலிருந்து பாதுகாவல் தேடியவர்கள். கடன்பட்டு இறந்தவரின் ஜனாஸாவுக்குத் தொழுவிக்கத் தயங்கி, அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தவர்கள். அந்தக் கடன் ஒருசில தீனார்களே. 2008, 2009ஆம் ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடியில், கடனைத் தீர்க்க இயலாதவர்கள் துபாய் விமான நிலையத்தில் கார்களை விட்டுவிட்டு நாடு திரும்பியது உலகச் செய்தியாயிற்று. விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டை விட்டுச் செல்ல வேண்டும். தவணை மட்டும் தங்கிவிடும்.

இரண்டாம் வழி, மலிவுப் பழைய கார். இங்கே பெற்றோரும் பிள்ளைகளும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி உண்டு. அமெரிக்காவில் விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய கார்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் கழித்துவிட்டு ஏலத்தில் விற்கின்றன. அவற்றுள் பல கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் செல்கின்றன; அமீரகமும் அவற்றுள் ஒன்று. அங்கே தட்டி நிமிர்த்தி, வண்ணம் பூசி, அமெரிக்கன் ஸ்பெக் என்று விற்கிறார்கள். வளைகுடா வெயிலுக்கென அமைத்த ஜிசிசி ஸ்பெக் கார்களைவிட விலை வெகுவாகக் குறையும். நான்கு அல்லது ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு ஷெல்பி வகையின் உறுப்புகளை மாட்டி உயர்ரகமாகக் காட்டுவதும் உண்டு. சிலவற்றில் வெடித்த ஏர்பேக்கிற்குப் பதில் புதியது வைக்கப்பட்டிருக்காது. அதன் மூடி மட்டும் அழகாக ஒட்டப்பட்டிருக்கும். அதில் நம் பிள்ளை பெல்ட் கட்டி அமர்கிறான்.

உணவுக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தை வெளிப்படுத்தி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை மதரஸாச் சிறுவரும் அறிவர். வண்ணப்பூச்சுக்குள் மறைந்த விபத்து, தானியத்துக்குள் மறைந்த ஈரமே. விற்பவர் முஸ்லிம், வாங்குபவரும் முஸ்லிம் என்பதால் குற்றம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. வாங்க எண்ணுவோர் காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு அதன் அமெரிக்க வரலாற்றைப் பார்க்காமல் ஒரு திர்ஹம்கூட முன்பணம் கொடுக்க வேண்டா.

கழுதையின் குரல்

அமெரிக்க எட்டு சிலிண்டர் எஞ்சினை விரும்புவோர் முதலில் புகழ்வது அதன் ஒலியை. அது போதாதென்று சைலன்சரை மாற்றி, இரவு 2 மணிக்குக் குடியிருப்புச் சாலையில் முழங்குகிறார்கள். தொட்டிலில் குழந்தை, கட்டிலில் நோயாளி, தஹஜ்ஜுதில் ஒரு முதியவர். யாரும் அவர்கள் கணக்கில் இல்லை. லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குக் கூறிய அறிவுரையில் செருக்கான நடையும் உரத்த குரலும் அடுத்தடுத்துக் கண்டிக்கப்படுகின்றன. குரல்களில் மிக வெறுக்கத்தக்கதாகக் கழுதையின் குரல் சுட்டப்படுகிறது. நடையின் செருக்கும் குரலின் ஆரவாரமும் ஓர் எந்திரத்தில் ஒன்றுசேர்ந்தால் அதன் பெயர் என்னவென்று வாசகரே முடிவு செய்யட்டும்.

அரசுகளும் பொறுத்திருக்கவில்லை. அமீரகத்தில் இரைச்சல் எழுப்பும் வாகனத்துக்கு 2,000 திர்ஹம் அபராதமும் 12 கரும்புள்ளிகளும் உண்டு. சவூதியில் தஃப்ஹீத் எனப்படும் சறுக்கு விளையாட்டுக்கு முதல் முறை 20,000 ரியால் அபராதம், 15 நாள் வண்டி பறிமுதல். இரண்டாம் முறை 40,000. மூன்றாம் முறை 60,000. அந்த விளையாட்டில் மிகுதியாக ஓடியவை ஜப்பானிய, கொரியக் கார்கள் அல்லவா என்று ஒரு நண்பர் வாதிடலாம். உண்மைதான். அதனாலேயே நாம் நாட்டின் பெயரைக் குற்றஞ்சாட்டவில்லை. சாதாரணக் குடும்பக் காரைக் கொண்டே உயிரைப் பறிக்கத் தெரிந்த கைக்கு அதன் இருமடங்கு திறனைக் கொடுப்பது அறிவுடைமையா என்றுதான் கேட்கிறோம்.

அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் கூச்சலும் ஒட்டகங்களை அடிக்கும் ஓசையும் கேட்டு, அமைதியாகச் செல்லுங்கள், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மக்களை அடக்கினார்கள். ஹஜ்ஜின் பாதையிலேயே அனுமதிக்கப்படாத அவசரம், ஷேக் சாயித் சாலையில் எவ்வாறு வீரமாகும்? வேகத்தை விரும்புவோருக்குப் பஹ்ரைனிலும் அபூதபியிலும் கத்தாரிலும் பந்தயத் தடங்கள் உள்ளன. அங்கே தொடக்கமும் உண்டு, எல்லையும் உண்டு. ஹஃப்யாவின் ஒழுங்குக்கு அதுவே நெருக்கமானது.

மூன்று வாதங்கள்

இது என் ஹலாலான சம்பாத்தியம் என்பது முதல் வாதம். மறுமையில் செல்வத்தைப் பற்றிக் கேள்விகள் இரண்டு என்று திர்மிதீயின் ஹதீஸ் தெரிவிக்கிறது: எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய்? ஹலாலான சம்பாத்தியம் முதற்கேள்விக்கு மட்டுமே விடை. இரண்டாம் கேள்வி அப்படியே நிற்கிறது.

அலங்காரத்தை அல்லாஹ்வே அனுமதித்திருக்கிறானே என்பது இரண்டாம் வாதம். ஆம்; அல்அஃராஃப் அத்தியாயத்தின் 32ஆம் வசனம் அலங்காரத்தைத் தடுப்பவரைக் கேள்வி கேட்கிறது. அதற்கு முந்தைய 31ஆம் வசனம் வீண்விரயத்தைத் தடுக்கிறது. ஒன்றை மனனம் செய்து மற்றொன்றைத் தாண்டிச் செல்வது ஓதும் முறையன்று.

முஸ்லிம்கள் உயர்ந்த வாகனத்தில் செல்வதே சமுதாயத்துக்குக் கண்ணியம் என்பது மூன்றாம் வாதம். இதனைக் கேட்கும்போது நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது. காஸாவின் துயரத்துக்காகக் குளிர்பானப் புட்டியைப் புறக்கணித்தோம். பிள்ளைகளின் கையிலிருந்து மிட்டாயைக்கூட வாங்கி வைத்தோம். பத்து ரூபாய்ப் பொருளில் விழித்துக்கொள்ளும் மனச்சாட்சி, ஐம்பது இலட்ச ரூபாய்ப் பொருளின் முன் உறங்கிவிடுகிறது. புறக்கணிப்பின் எல்லை எது என்பதில் உலமாக்களிடையே பல கருத்துகள் இருக்கலாம். சிறியதில் போராளியாகவும் பெரியதில் வாடிக்கையாளராகவும் இருப்பதற்கு மட்டும் எந்தக் கருத்திலும் இடமில்லை. ஒரு சமுதாயத்தின் கண்ணியம் அதன் தெருவில் கடனற்ற வீடுகளையும் படித்த பெண்மக்களையும் எண்ணி அறியப்படுவது.

காரூனைப் பார்த்தவர்கள்

அல்கஸஸ் அத்தியாயத்தில் காரூன் தன் அலங்காரத்தோடு வெளியே வருகிறான். அங்கே குர்ஆன் அவனோடு நின்றுவிடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் நமக்குக் காட்டுகிறது. அவனுக்குக் கிடைத்தது தமக்கும் கிடைக்காதா என்று ஏங்கினர் ஒரு சாரார். அல்லாஹ்வின் நற்கூலியே சிறந்தது என்று எச்சரித்தனர் அறிவு வழங்கப்பட்டோர். பூமி அவனை விழுங்கிய மறுநாள், ஏங்கியவர்களே நடுங்கினார்கள். இன்று நம் ஊர்களில் காரூன்கள் அரிது. ஏங்கிப் பார்க்கும் கண்களோ ஏராளம். அக்கண்கள் இல்லாவிட்டால் மூன்றாவது குதிரைக்குச் சந்தையே இல்லை.

ஆகவே நம் வேண்டுகோள் முதலில் வீடுகளுக்கே. பெற்றோரே, பிள்ளை வாகனம் வாங்கப் போவதாகச் சொன்னால் மாடலைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள்: கடன் எவ்வளவு, ஜகாத் கொடுத்தாயிற்றா, அறையில் வயிறார உண்கிறாயா? சொந்த உபயோக வாகனத்துக்கு ஜகாத் இல்லை என்பது ஃபிக்ஹுச் சட்டம். சேமிப்பைக் காராக்கிவிட்டால் ஏழையின் பங்கும் அதற்குள் கரைந்துபோகும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பெண் வீட்டாரே, மாப்பிள்ளையின் படத்தைப் பார்க்கும்போது பின்னால் நிற்கும் வண்டியை வெட்டிவிட்டுப் பாருங்கள். இளைஞர்களே, வாகனத்தில் ஏறியதும் ஓதும் துஆவின் பொருளைச் சிந்தியுங்கள். இதனை வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ் என்றும், நாம் அவனிடமே திரும்பிச் செல்பவர்கள் என்றும் அதில் ஒப்புக்கொள்கிறோம். திரும்பிச் செல்வதை நாவால் மொழிந்தவரின் கால், ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அறிந்திருக்கும்.

பயன்தரும் வாகனத்தையும் கடனற்ற வாழ்வையும் பகட்டற்ற உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்குவானாக! சபரில் உள்ள நம் பிள்ளைகளைச் சாலையின் ஆபத்திலிருந்தும் கண்ணேறிலிருந்தும் காத்து, நலமாக இல்லம் சேர்ப்பானாக! ஆமீன்.